எதில் பட்டது? காயங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் டிரெஸ்ஸிங் ரூமில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். காயத்தோடு வருகிறவரிடம் "எங்கே பட்டது?" என்று நாங்கள் கேட்பதில்லை, அது கண்ணுக்கே தெரியும். "எதில் பட்டது?" என்றுதான் முதலில் கேட்போம். முழங்காலெல்லாம் உரிந்து வந்த பையன் பத்து நாளில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பான். கருவேல முள் குத்திய சின்ன ஓட்டை, ஒரு துளி ரத்தம்கூட வராதது, ஆளையே படுக்கையில் போட்டுவிடும். அந்த அறையில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் காயம் அதிகமாக எதில் படுகிறது?

அடுப்படியில்தான். அரிவாள்மணை, கத்தி, தேங்காய்த் துருவி, கழுவும்போது கையைக் கிழிக்கும் மிக்ஸி பிளேடு, பாதி திறந்த டின்னின் மூடி. எல்லோரும் கூர்மையான கத்திக்குப் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை மழுங்கின கத்திதான் மோசம். அழுத்தி அறுக்கிறோம், அது வழுக்கி விரலுக்கு வந்துவிடுகிறது.

கூரான ஒன்று வெட்டினால் காயத்தின் ஓரம் நேராக இருக்கும், இரண்டு பக்கமும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்தினாலே பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்ப்பதுதான் தப்பு. ஒவ்வொரு முறையும் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி கசிய ஆரம்பிக்கும். ஓரம் வாய் பிளந்து நின்றாலோ, உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தாலோ, விரல் மடங்காவிட்டாலோ, நுனி மரத்துப்போயிருந்தாலோ ஆறேழு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மடங்காத விரலில் தசைநார் அறுந்திருக்கலாம். மேல்தோலை மட்டும் தைத்துவிட்டால் அந்த விரல் அப்புறம் எதற்கும் உதவாது.

அடுப்படிக்கு அடுத்தது குளியலறை. வழுக்கி விழுந்தால் புருவம், முகவாய், மண்டை என்று எலும்பை ஒட்டித் தோல் இருக்கும் இடங்கள் பிளக்கும். பார்க்கக் கத்தி வெட்டு மாதிரியே இருக்கும், ஆனால் அது நசுங்கிப் பிளந்தது. தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ தூங்கி வழிந்தாலோ காயத்தை மறந்துவிட்டு முதலில் தலையைக் கவனிக்க வேண்டும்.

விரல் துண்டாகிவிட்டால்?

கரும்பு ஜூஸ் மிஷின், தீவனம் நறுக்கும் மிஷின், மர அறுவை ரம்பம் இவற்றில் இப்படி நடக்கும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸுக்குள் போட்டால் சதை உறைந்து செத்துவிடும், சேர்க்க முடியாது. 108-ஐக் கூப்பிடும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ரோட்டில் விழுந்த சிராய்ப்பு, ஆழமான வெட்டைவிட அதிகமாக எரிகிறதே?

வலியை உணரும் நரம்பு நுனிகள் தோலின் மேல்பக்கத்தில் நெருக்கமாக இருக்கின்றன. சிராய்ப்பு அந்த மேல்பக்கத்தைத்தான் அகலமாக உரித்துவிடுகிறது. அதனால் எரிச்சல் அதிகம், ஆபத்து குறைவு. ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தார், மணல், பொடிக்கல் எதுவும் உள்ளே தங்கக்கூடாது. எரிகிறதே என்று அரைகுறையாகக் கழுவினால் தோல் அதன் மேலேயே மூடிக்கொள்ளும். பச்சை குத்தினதுபோல் கறுப்புப் புள்ளிகள் வாழ்நாள் முழுக்க நிற்கும். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு, பொறுமையாக, எல்லாம் போகும்வரை கழுவுங்கள்.

சைக்கிள், பைக்கில் பின்னால் உட்காரும் குழந்தைகளுக்கு எது ஆபத்து?

இரண்டு விஷயம். ஒன்று, சக்கரக் கம்பிக்குள் குதிகால் மாட்டுவது. முதல் நாள் வெறும் சிராய்ப்பு மாதிரி இருக்கும். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். இரண்டு மூன்று நாளில் தோல் கறுத்துவிடும். கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே கால் நசுங்கியபோதே உள்ளே ரத்தக்குழாய்கள் செத்திருக்கும், அது வெளியே தெரியத்தான் இத்தனை நாள். எலும்பில் விரிசல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட காலை முதல் நாளே டாக்டரிடம் காட்டி, மறுபடி மூன்றாம் நாளும் காட்டுங்கள். பின்சக்கரத்துக்கு வலையோ தகடோ அடிக்க ஆகும் செலவு மிகச் சின்னது.

இன்னொன்று சைலன்சர் சூடு. பெரும்பாலான பைக்கில் சைலன்சர் வலது பக்கம். அந்தப் பக்கமாக இறங்கும் குழந்தையின் கெண்டைக்கால் நேராக அதில் போய் ஒட்டும். இடது பக்கமாக மட்டுமே இறங்கப் பழக்கிவிடுங்கள்.

தீக்காயத்துக்கு முதலில் என்ன செய்வது?

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். குழாயைத் திறந்து சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். சுட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால்கூட இதற்குப் பலன் உண்டு. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கின பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும் இல்லையா, அதே மாதிரி தோலுக்குள் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத்தான் தண்ணீர் தடுக்கிறது. மோதிரம், வளையல், கொலுசை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

பற்பசை, மை, தோசைமாவு, எண்ணெய், முட்டை வெள்ளை என்று எல்லாவற்றையும் பூசிக்கொண்டு வருவார்கள். பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததைப் பூசுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வெந்த தோலின் மேல் காய்ந்த அந்த மாவை நாங்கள் சுரண்டி எடுக்க வேண்டும். அப்போது அந்தக் குழந்தை படும் பாடு, சுட்டபோது பட்டதைவிடப் பெரியது. ஐஸும் வேண்டாம், அது பாதி வெந்த தோலையும் கொன்றுவிடும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

பெரும்பாலும் சுடுவது நெருப்பு இல்லை, வெந்நீர். தரையில் இறக்கி வைத்த ரசம், மேசை விரிப்பைக் குழந்தை இழுக்கும்போது சாயும் டீ, பக்கெட்டில் விளாவாமல் வைத்த வெந்நீர். 60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலையே ஐந்து வினாடியில் சுட்டுவிடும். குழந்தைக்கு அதில் பாதி நேரம்கூட வேண்டாம். பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர் என்று வழக்கப்படுத்துங்கள். தீபாவளி சமயம் வெடியைவிடக் கம்பி மத்தாப்பைக் கவனியுங்கள். அதன் சூடு 1000 டிகிரிக்கு மேல். எரிந்து முடிந்த கம்பியை வெறுங்காலால் மிதித்து வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதில் போடச் சொல்லுங்கள்.

காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடத்தில் பட்டது, வலியே இல்லாமல் வெள்ளையாகவோ கருகியோ இருப்பது எல்லாமே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. மின்சாரம் தாக்கின காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போக வேண்டும். உள்ளே நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் பொட்டு அளவே தெரியும். நடுவில் தசை வெந்திருக்கும், இதயத் துடிப்பு தடுமாறியிருக்கும்.

பாக்கெட் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டது. என்ன செய்ய?

வேறு எதையும் யோசிக்காமல் கண்ணைத் திறந்துபிடித்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் ஓடுங்கள். சுண்ணாம்பு ஆசிட்டைவிட மோசம், உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். பாக்கெட்டைக் குழந்தை கையில் பிதுக்கும்போது பீய்ச்சியடிப்பதால்தான் இது நடக்கிறது. வெற்றிலைப்பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

துருப்பிடித்த ஆணி குத்தினால் மட்டும்தான் டி.டி. ஊசியா?

இல்லை. துருவுக்கும் டெட்டனஸுக்கும் நேர் சம்பந்தம் கிடையாது. ரண ஜன்னி என்று பெரியவர்கள் சொல்லும் அந்த நோயின் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வித்தாகக் கிடக்கிறது. காற்றுப் புகாத ஆழம்தான் அதற்குப் பிடித்த இடம். ஆணி ஆழமாகக் குத்துகிறது, மண்ணில் கிடந்தது, அதனால்தான் அதற்கு அந்தக் கெட்ட பெயர். தோட்டத்து முள்ளும், மூங்கில் சிலாம்பும், சாணம் பட்ட மண்வெட்டியும் அதே அளவு ஆபத்து. நோய் வெளிப்பட 3 நாள் முதல் 21 நாள்வரை ஆகலாம். வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவதுதான் முதல் அறிகுறி.

இன்னொரு பக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.டி. போட வேண்டும் என்று நம்புகிறவர்களும் நிறைய. தேவையே இல்லை. சிறு வயதுத் தடுப்பூசிகளை முழுதாகப் போட்டவருக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால்தான் மறுபடி வேண்டும். மண், சாணம் பட்ட காயமோ ஆழமான குத்தோ என்றால் 5 வருடம் தாண்டியிருந்தால் வேண்டும். இப்போது அரசு மருத்துவமனைகளில் பழைய டி.டி.க்குப் (TT) பதிலாகத் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் Td ஊசியைப் போடுகிறார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

எனக்கு உண்மையான கவலை வயல் வேலை செய்யும் வயதான ஆண்கள்மேல். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போட்டிருப்பார்கள். அதனால்தான் தாயையும் பச்சைக் குழந்தையையும் தாக்கும் டெட்டனஸ் ஒழிந்த நாடாக 2015-இல் இந்தியா அறிவிக்கப்பட்டது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அந்த வாய்ப்பே வந்ததில்லை. அவர்கள் ஊசி போட்டதே இல்லை என்றால் ஒரு ஊசி போதாது, முழு வரிசையும் போட வேண்டும். டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

நாய் லேசாகப் பல் பதித்தது, ரத்தம்கூட வரவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டவர்களில் சிலரை நான் கடைசி நாட்களில் பார்த்திருக்கிறேன். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. வராமல் தடுப்பது முழுக்க நம் கையில். தோல் கீறியிருந்தால், ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அதன்பின் அன்றைக்கே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் பொதுவாக 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். அதை விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். பூனைக்கும் குரங்குக்கும் இதேதான். வீட்டில் வளர்த்த குட்டி நாய் என்பதால் விலக்கு இல்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தில் இன்றும் சிலர் மறைக்கிறார்கள். அந்த ஊசியைக் கைவிட்டு இருபது வருடம் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைத்துக் கட்டுவது கிருமியை உள்ளே அடைத்துவைப்பது போன்றது.

வயலிலும் கடலிலும் வேலை செய்கிறவர்களுக்கு?

நடவு நேரத்தில் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண், தோல் நாள் முழுக்க ஊறிக் கிடப்பதால் வருவது. ஊறின தோல் வெடிக்கிறது, அதற்குள் பூஞ்சையும் கிருமியும் போகிறது. வேலை முடிந்ததும் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றிக் காயவைப்பதுதான் பாதி மருந்து.

கெளுத்தி முள்ளோ திருக்கை வாலோ குத்தினால் உயிர்போகும் வலி. அந்த விஷம் சூட்டில் சிதைந்துவிடும். பொறுக்கிற சூட்டு வெந்நீரில் காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை வைத்தால் வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துப் பாருங்கள், வலியில் இருக்கும் கால் தானே வெந்துபோவதை உணராது. முள் உள்ளே ஒடிந்திருந்தால் எடுத்தாக வேண்டும்.

பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். விரியன் கடியில் ஏற்கெனவே ரத்தம் உறையாது, சதை அழுகும். கீறலும் கட்டும் அதைக் கூட்டிவிடும். காலை அசைக்காமல் நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

எதுவும் கடிக்கவில்லை, காலையில் எழுந்தால் கழுத்தில் சாட்டையடி மாதிரி கோடு!

மழைக்குப் பின் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சின்ன வண்டு ஒன்று உண்டு, சிவப்பும் கறுப்புமாக எறும்புபோல இருக்கும். அது கடிக்காது. தூக்கத்தில் நாம் நசுக்கினால் அதன் உடம்பிலுள்ள நீர் தோலைச் சுட்டுவிடும். அக்கி என்று நினைத்துச் செம்மண் பூசுகிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த விரலால் கண்ணைத் தேய்க்காதீர்கள். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள்.

செருப்புக் கடிதானே, அதற்கு ஏன் கால் எடுக்கும் அளவுக்குப் போகிறது?

பெரும்பாலும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத்தான் இது நடக்கிறது. புதுச்செருப்பு உராய்ந்து நமக்குக் கொப்புளம் வந்தால் வலிக்கும், நொண்டுவோம், செருப்பை மாற்றுவோம். வலிதான் நம்மை மாற்ற வைக்கிறது. பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப்போனவருக்கு அந்த வலி வராது. அதே செருப்போடு பத்து நாள் நடப்பார்.

இதை உலகத்துக்குப் புரியவைத்த வேலை நம் வேலூரில் நடந்தது. 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல் நோயால் அழுகி விழுவதில்லை என்று கண்டார். உணர்ச்சி போனதால் சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணியை மிதிக்கிறார்கள், தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரிவதில்லை. தினம் தினம் கவனிக்கப்படாத காயங்கள்தான் விரலைத் தின்கின்றன. தொழுநோயாளிகளுக்காக வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் காலையும் காக்கிறது.

அதனால் உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், இரவு படுக்கும்முன் பாதத்தைத் தரையில் வைத்த கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். கண் தெரியாவிட்டால் நீங்கள் பாருங்கள். செருப்புப் போடும்முன் கவிழ்த்துத் தட்டட்டும். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, மாலையில் பாதமெல்லாம் கொப்புளத்தோடு, சுட்டதே தெரியாமல் வந்தவர்கள் உண்டு. கல் ஆறின பிறகு, விடியற்காலையிலோ இரவிலோ போகலாம். கால் ஆணியை பிளேடால் சீவ வேண்டாம். வலிக்கவில்லை என்பது அவர்களுக்கு நல்ல செய்தி அல்ல.

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே புண். சுத்தமாகத்தானே வைத்திருக்கிறோம்?

உங்கள் பராமரிப்பில் குறை இருப்பதாக அர்த்தம் இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கும்போது ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். இழுத்து நகர்த்தாமல் தூக்கி நகர்த்துங்கள், வயதானவர் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரியும். அழுத்தினாலும் மாறாத சிவப்பு தெரிந்த அன்றே கவனித்தால் புண்ணாகாமல் தடுத்துவிடலாம்.

புண்ணைக் காற்றாட விட்டால்தானே ஆறும்?

நானும் வேலைக்குச் சேரும்வரை அப்படித்தான் நினைத்தேன். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரப்பதமாக வைத்த காயம் காயவிட்டதைவிட வேகமாக மூடுகிறது என்று காட்டினார். புதுத்தோல் ஓரத்திலிருந்து ஊர்ந்து வர வேண்டும்; காய்ந்த பொருக்கு அதற்குத் தடை. மூடிவையுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் காயத்துக்குள் வேண்டாம், கிருமியோடு புதுத்தோலையும் சுடும். மஞ்சள்பொடி, காபித்தூளும் வேண்டாம். மஞ்சளின் குணத்தை நான் மறுக்கவில்லை, கடைப்பொடியில் இருக்கும் தூசிக்குத்தான் பயப்படுகிறேன்.

கத்தரிக்காய், மீன், முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்குமா?

வைக்காது. கரப்பான் பண்டம் என்று இவற்றை ஒதுக்கிவிட்டு ரசஞ்சாதம் மட்டும் தருகிறார்கள். பாவம், தோல் கட்டப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் தாருங்கள். பீடி, சிகரெட்டை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

எதில் பட்டது, எத்தனை மணிக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது, சர்க்கரை உண்டா, ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறாரா, வீட்டில் என்ன பூசினீர்கள். திட்டுவார்கள் என்று எதையும் மறைக்காதீர்கள்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லி வரும் பெண்களில் சிலர் விழவில்லை. விழுகிறவருக்கு உள்ளங்கையும் முழங்காலும் முகவாயும் அடிபடும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவருக்கு முன்கையின் வெளிப்பக்கம் கன்றியிருக்கும். குழந்தையின் தொடையில் வரிசையாக ஒரே அளவில் வட்டமான சூட்டுத்தழும்பு தற்செயலாக வராது. எங்களுக்குப் பார்த்ததும் தெரியும், ஆனால் கூட வந்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது கேட்க முடியாது. கட்டுப் போடும்போது கூட்டம் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பும் செவிலியர், உங்களிடம் பேசத்தான் அனுப்புகிறார். அப்போது சொல்லுங்கள். அங்கே சொல்ல முடியாவிட்டால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டுக்கும் எந்த நேரத்திலும் பேசலாம், காசு கிடையாது.